துணையில்லாமல் நிற்கும் பாட்டு

பாட்டுத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிற எங்களுக்குக் கடைசிவரை முடிவாகாமல் இழுத்துக்கொண்டு போவது ஒரே ஒரு பாட்டுதான். மற்றவற்றைப் பாடத்திட்டப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். அவற்றுக்கு அச்சான இசைக்குறிப்பு உண்டு, பியானோ துணை உண்டு. இந்த ஒன்றுக்கு இரண்டும் கிடையாது. 1889இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஏ.பி.ஆர்.எஸ்.எம். வாரியத்தின் குரலிசைத் தேர்வில், வாத்தியம் ஏதுமில்லாமல் தனிக் குரலில் ஒரு மரபுப் பாட்டைப் பாட வேண்டும். எந்தப் பாட்டு, எந்த மொழி, எந்தச் சுருதி என்பதெல்லாம் பாடுகிறவர் விருப்பம். சென்னையிலும் கொழும்பிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் தமிழ்ப் பிள்ளைகள் இந்தத் தேர்வுக்குப் போகிறார்கள். ‘யாரும் பாடாத ஒரு பாட்டாகச் சொல்லுங்கள் மிஸ்’ என்று ஆண்டுதோறும் வந்து கேட்கிறார்கள்.

பதில் சொல்வதற்கு முன் மதிப்பெண் கணக்கைப் பார்த்துவிட வேண்டும். மொத்தம் 150. பட்டியல் பாட்டு மூன்றுக்கும் தலா 30. பார்த்தவுடன் பாடுவதற்கு 21, செவித்திறனுக்கு 18. மீதி 21தான் இந்தத் தனிப் பாட்டுக்கு. அதில் 14 எடுத்தால் தேர்ச்சி. வயலினோ பியானோவோ வாசிக்கிற பிள்ளைக்கு இதே 21 மதிப்பெண் ஸ்கேலுக்கும் ஆர்பெஜியோவுக்கும் போகிறது. வாத்தியக்காரர் ஸ்கேல் வாசிக்கும் இடத்தில் பாடகர் நாட்டுப்பாடல் பாடுகிறார். அந்த இடத்தைக் கவனித்தாலே அங்கே எதைச் சோதிக்கிறார்கள் என்பது விளங்கிவிடும். பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாதபோது இந்தக் குரல் தன் சுருதியில் நிற்கிறதா? தாளத்தைத் தானே சுமக்கிறதா? மதிப்பிடுகிறவர்கள் பார்ப்பவை ஐந்து: சுருதி, காலம், நாதம், வடிவம், நிகழ்த்தும் விதம். அரிய பாட்டு என்பதற்கென்று தனி மதிப்பெண் இந்த ஐந்தில் எதிலும் இல்லை.

அப்படியானால் அரிய பாட்டைத் தேடுவது வீணா? இல்லை என்றே நினைக்கிறேன். எல்லோருக்கும் தெரிந்த பாட்டு என்றால் பிள்ளையின் காதில் யாரோ ஒரு பின்னணிப் பாடகரின் குரல் ஏற்கெனவே குடியிருக்கும். எங்கே மூச்சு எடுப்பது, எந்தச் சொல்லை இழுப்பது என்பதை அந்தக் குரல் முன்பே முடிவு செய்துவிட்டிருக்கும். கேட்கிறவர் காதிலும் அதே குரல் இருக்கும். பாட்டி வாயிலிருந்து கற்ற பாட்டுக்கு அந்தச் சுமை இல்லை.

மரபுப் பாட்டு என்றால் எது என்பதில்தான் முதல் சிக்கல். 1903இல் செசில் ஷார்ப் என்ற இசை ஆசிரியர், சோமர்செட் மாவட்டத்தின் ஹாம்பிரிட்ஜ் ஊரில் பாதிரியார் வீட்டுத் தோட்டத்தில் ஜான் இங்கிலாந்து என்ற தோட்டக்காரர் வேலையினூடே பாடிய ஒரு காதல் பாட்டைக் கேட்டு எழுதிக்கொண்டார். அதே ஆண்டு டிசம்பரில் இசையமைப்பாளர் வான் வில்லியம்ஸ் எசெக்ஸில் ஒரு முதியவரிடம் ஒரு பாட்டைக் கேட்டு எழுதினார். ஊர் ஊராகப் போய் எழுதிய அனுபவத்திலிருந்து 1907இல் ஷார்ப் ஒரு நூல் எழுதினார். தொடர்ச்சி, மாற்றம், தேர்வு என்ற மூன்றும் சேர்ந்தால் அது நாட்டுப்பாடல் என்பது அவர் முடிவு. ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்கு வாய்வழியாக வர வேண்டும், வருகிற வழியில் மாற வேண்டும், அந்த மாற்றங்களில் எது நிற்கும் என்பதை ஊர் தீர்மானிக்க வேண்டும். 1954இல் பன்னாட்டு நாட்டார் இசை மன்றம் ஏற்ற வரையறையும் ஏறக்குறைய இதுவே.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், மரபுப் பாட்டு என்று நினைத்துப் பிள்ளைகள் கொண்டுவரும் ஆங்கிலப் பாட்டுகளில் பல இடறுகின்றன. ‘டேனி பாய்’ பாட்டின் மெட்டு அயர்லாந்தின் பழைய மெட்டு. சொற்களோ ஃபிரெடரிக் வெதர்லி என்ற வழக்கறிஞர் எழுதி 1913இல் வெளியானவை. ‘சாலி கார்டன்ஸ்’ கவிஞர் யேட்ஸ் 1889இல் வெளியிட்ட கவிதை. ஒரு மூதாட்டி அரைகுறையாக நினைவில் வைத்திருந்த வரிகளிலிருந்து அதைக் கட்டினார், மெட்டு பிறகு வந்து சேர்ந்தது. ‘ஃபீல்ட்ஸ் ஆஃப் ஏதென்ரை’ 19ஆம் நூற்றாண்டுப் பஞ்சத்தைப் பாடினாலும் 1970களில் ஒருவர் இயற்றியது. இவை எல்லாமே நல்ல பாட்டுகள்தான். ஆனால் இயற்றியவர் பெயர் தெரிகிற பாட்டைக் கொண்டுபோய்த் தேர்வறையில் விவாதத்துக்கு இடம் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஆங்கிலப் பாட்டு எனில் ஸ்டீவ் ரவுட் தொகுத்த அட்டவணையில் தேடலாம். ஏறத்தாழ 25,000 பாட்டுகளுக்கு பாட்டுக்கு ஓர் எண்ணாகக் கொடுத்து, யார், எந்த ஊரில், எப்போது பாடினார் என்ற விவரத்தோடு வைத்திருக்கிறார். லண்டன் செசில் ஷார்ப் இல்லத்து நூலகத்தின் இணையதளத்தில் அது இலவசமாகக் கிடைக்கிறது.

நம் பக்கத்திலும் இந்த மயக்கம் உண்டு. காவடிச்சிந்தைக் கிராமியப் பாட்டு என்று எண்ணிப் பல பிள்ளைகள் கொண்டுவருகிறார்கள். அது 19ஆம் நூற்றாண்டில் கழுகுமலை முருகன்மீது அண்ணாமலை ரெட்டியார் இயற்றியது. நாட்டார் மெட்டின்மேல் எழுந்த தேர்ந்த புலவரின் யாப்பு அது. இன்னொரு மயக்கம் திரைப்படம் தருவது. 1976இல் ‘அன்னக்கிளி’ வந்ததிலிருந்து கிராமத்து மெட்டின் சாயல் திரையிசையில் மிக அழகாகக் கலந்துவிட்டது. எது வயலில் பிறந்தது, எது ஒலிப்பதிவுக் கூடத்தில் பிறந்தது என்று பிள்ளைகளால் பிரிக்க முடிவதில்லை. நான் வைத்திருக்கும் சோதனை எளிது. ‘பல்லவிக்குப் பிறகு மனசுக்குள் ஏதாவது வாத்தியம் கேட்கிறதா?’ என்று கேட்பேன். புல்லாங்குழல் கேட்கிறது என்று பிள்ளை சொன்னால் அந்தப் பாட்டை மூடி வைத்துவிடுவோம்.

தமிழில் தேர்ந்தெடுக்க எவ்வளவு இருக்கிறது! சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையிலேயே அம்மானை, கந்துகம், ஊசல், வள்ளை எல்லாம் வந்துவிட்டன. பாரதியின் குயில் பாட்டில் குயில் தான் மனம் பறிகொடுத்த இசைகளைச் சொல்லும்போது ஏற்றம் இறைப்பவரையும் நெல்லும் சுண்ணமும் இடிப்பவரையும் பண்ணைப் பெண்களையும் வட்டமிட்டுக் கும்மியடிப்பவரையும் சொல்லிவிட்டுத்தான் குழலுக்கும் வீணைக்கும் வருகிறது. ஆனால் எல்லாப் பாட்டும் தனியாக நிற்காது. தேர்வுக்குத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: பிறந்த இடத்தில் இதை எத்தனை பேர் பாடினார்கள்?

கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணக் கரையிலும் மட்டக்களப்புக் கரையிலும் கேட்டவர்களுக்கு அதன் வேகம் தெரியும். ஒருவர் எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் வலையை இழுத்தபடி ஏற்றுப் பாடுவார்கள். பாட்டின் பாதி உயிர் அந்தப் பதில் குரலில் இருக்கிறது. தேர்வறையில் தனியாக நிற்கும் பிள்ளை இரண்டு பங்கையும் தானே பாடினால் கேட்பதற்குப் பாவமாக இருக்கும். நடவுப் பாட்டுக்கும் இதே குறை. கும்மி இன்னும் கடினம். அதன் தாளமே கைத்தட்டில்தான் உட்கார்ந்திருக்கிறது. கையைத் தட்டாமல் பாடினால் பாட்டு ஓடத் தொடங்கும், தட்டினாலோ அது வாத்தியத் துணையில் சேருமா என்ற சந்தேகம் வரும். தெம்மாங்கு கூட்டுப் பாட்டுக்கும் தனிப் பாட்டுக்கும் நடுவே நிற்கிறது. ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாடுவதை விட்டு, வண்டியோட்டி தனியாகப் பாடிக்கொண்டு போகும் வகையை எடுத்தால் நன்றாக நிற்கும். வயதுக்கு ஒவ்வாத சொல்லோ சாதிப் பெயரோ வரும் கண்ணிகளை விட்டுவிட்டு மற்றதைப் பாடலாம். கண்ணிகளைக் கூட்டுவதும் குறைப்பதும் அந்தப் பாட்டின் இயல்பிலேயே இருக்கிறது.

ஏற்றப்பாட்டு தேர்வுக்கென்றே பிறந்தது போன்றது. ஆனாலும் யாரும் அதைத் தொடுவதில்லை. விடியுமுன் கிணற்றடியில் ஒருவரோ இருவரோ பாடுவது. எத்தனை சால் இறைத்தோம் என்ற எண்ணிக்கையை நினைவில் வைத்துக்கொள்ளவே பாட்டு. சால் இறங்கும் நேரம் ஒன்று, நீரோடு ஏறும் நேரம் இன்னொன்று. அந்த இரண்டு நேரமும் பாட்டின் அடிகளில் அப்படியே பதிந்திருக்கும். அடிக்கும் அடிக்கும் இடையே ஒரு மௌனம் வரும். அந்த மௌனத்தில் சால் கவிழ்கிறது என்று பிள்ளை நினைத்துக்கொண்டால் போதும், தாளம் தவறாது. கம்பர் வழியில் ஓர் ஏற்றப்பாட்டின் அடியைக் கேட்டு, அடுத்த அடி என்னவாக இருக்கும் என்று தெரியாமல் மறுநாள்வரை காத்திருந்தார் என்ற கதையைச் சொல்லித்தான் நான் இதைச் சொல்லிக் கொடுக்கத் தொடங்குவேன். கதை நடந்ததோ இல்லையோ, அடிகளுக்கிடையே அவ்வளவு இடம் இருக்கிறது என்பது பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும்.

மலையகப் பாட்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து கண்டிச் சீமைக்குப் போன தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் மெட்டுகளையும் கொண்டு போனார்கள். கங்காணியும் துரையும் கொழுந்துக் கூடையும் அந்தப் பழைய மெட்டுகளுக்குள் வந்து உட்கார்ந்தன. சி.வி. வேலுப்பிள்ளை அவற்றைத் தேடித் தொகுத்தார். கொழும்பிலிருந்து தேர்வுக்குப் போகும் ஒரு பிள்ளைக்கு, தன் கொள்ளுப்பாட்டி கொழுந்து பறித்த மலையின் பாட்டைவிடப் பொருத்தமானது வேறென்ன இருக்க முடியும்?

ஆனால் தனிக் குரலுக்குத் தாலாட்டுக்கு நிகர் எதுவும் இல்லை. பிறக்கும்போதே அது ஒருவர் பாட்டு. கேட்பவரும் ஒருவரே. தொட்டில் கயிற்றின் ஆட்டத்தைத் தவிர வேறு துணை கிடையாது. மெட்டு பெரும்பாலும் நாலைந்து சுரங்களுக்குள் அடங்கும். ஆராரோ என்று மேலே தொடங்கி, படிப்படியாக இறங்கி, அடி முடிவில் ஆதார சுரத்தில் நீண்டு நிற்கும். இது எளிது என்று நினைத்துவிடக் கூடாது. சுரங்கள் குறைவாக இருப்பதால் சுருதியில் ஒரு மயிரிழை விலகினாலும் வெளியே தெரிந்துவிடும். முதல் கண்ணியின் கடைசிச் சுரமும் ஐந்தாம் கண்ணியின் கடைசிச் சுரமும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். வகுப்பில் பிள்ளை பாடி முடித்ததும் பியானோவில் தொடக்கச் சுரத்தைத் தட்டிப் பார்ப்பேன். முதல் வாரம் பெரும்பாலும் அரைச் சுரம் இறங்கியிருக்கும். கர்நாடக சங்கீதம் கற்ற பிள்ளைகளுக்கும் இது நேர்கிறது. சுருதிப்பெட்டி எப்போதும் பக்கத்தில் ஒலித்துக்கொண்டே இருந்து பழகிய காதுக்கு, அது நின்றதும் தரை நழுவுகிறது. நான் கண்டவரை மருந்து ஒன்றுதான். அடி முடிவில் நீண்டு நிற்கும் சுரத்தை அவசரமாக விடாமல், அதைக் கேட்டுக்கொண்டே மூச்சு எடுக்கப் பழக வேண்டும்.

எந்தச் சுருதியில் எடுப்பது என்பதும் இதோடு சேர்ந்தது. நம் நாட்டார் மெட்டுகளோடு உறவுள்ளவை என்று சொல்லப்படும் புன்னாகவராளி, நாதநாமக்கிரியை, குறிஞ்சி, நவரோஜ் போன்ற ராகங்கள் மேல் சட்ஜத்தைத் தொடாமல் கீழேயே புழங்குபவை. கச்சேரியில் இவற்றை மத்யம சுருதியில் பாடுவது இதனால்தான். பிள்ளை தன் வழக்கமான சுருதியிலேயே தாலாட்டை எடுத்தால் பாட்டு முழுதும் குரலின் அடிப்பகுதியில் முனகிக்கொண்டிருக்கும். மத்யமத்தை ஆதாரமாக்கிக்கொண்டு எடுத்தால் அதே பாட்டு நெஞ்சிலிருந்து திறந்து வரும். கமகத்தைக் கொட்டவும் கூடாது. கிராமத்துக் குரலுக்கென்று ஓர் இழுப்பு உண்டு, அடி முடிவில் தொண்டை சற்றே உடைகிற இடம் உண்டு. அது போதும். வார்த்தைகளைத் திருத்தவும் வேண்டாம். பாட்டி சொன்ன ‘பசும்பொன்னு’ பசும்பொன் ஆகிவிட்டால் ஒரு அசை குறைந்து அடி நொண்டும்.

தேர்வாளருக்குத் தமிழ் தெரியாதே என்று பெற்றோர் கவலைப்படுகிறார்கள். பாட்டின் பொருளை இரண்டு வாக்கியத்தில் ஆங்கிலத்தில் எழுதிக் கொண்டுபோனால் போதும். உண்மையில் பொருள் தெரியாத காதுக்கு மெய்யெழுத்துகளின் தெளிவும் வரியின் வளைவும் இன்னும் கூர்மையாகக் கேட்கின்றன. லகர, ழகர, ளகரத்தை வேறுபடுத்திப் பாடும் பிள்ளையின் குரலில் ஒரு நிதானம் வந்துவிடுகிறது.

பாட்டுக்கு எங்கே போவது? இங்கேதான் என் வருத்தம். 1871இல் சார்லஸ் கோவர் தென்னிந்திய நாட்டுப்பாடல்களை ஆங்கிலத்தில் நூலாக்கினார். பெர்சி மாக்வீன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி சேர்த்த பாட்டுகளைக் கி.வா.ஜ. பதிப்பித்து 1958இல் ‘மலையருவி’ வந்தது. பெரியசாமித் தூரன் ‘காற்றிலே வந்த கவிதை’ தந்தார். நா. வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ 1964இல் வந்தது. பெரும் உழைப்பு. ஆனால் நம் தொகுப்புகளில் பெரும்பாலானவை சொற்களைக் காத்தன, மெட்டை விட்டுவிட்டன. இங்கிலாந்தில் ஷார்ப் முதலில் எழுதிக்கொண்டது மெட்டைத்தான். இசையமைப்பாளர் பெர்சி கிரெய்ஞ்சர் 1906இலேயே ஃபோனோகிராஃபைத் தூக்கிக்கொண்டு லிங்கன்ஷயருக்குப் போனார். அங்கே அவர் கண்டெடுத்த ஜோசப் டெய்லர் என்ற முதியவரின் குரல் 1908இல் இசைத்தட்டாகவே வெளியானது. கண்ணிக்குக் கண்ணி அவர் மெட்டைச் சற்றே மாற்றிப் பாடுவதை இன்றும் கேட்கலாம். நம் தொகுப்பைக் கையில் எடுக்கும் பிள்ளைக்குக் கண்ணுக்குப் பாட்டு கிடைக்கிறது, காதுக்குக் கிடைப்பதில்லை. கொல்லங்குடி கருப்பாயி, பரவை முனியம்மா, விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் போன்றோரின் பதிவுகள் பெரிய துணை. ஆயினும் அவற்றில் பல மேடைக்கானவை, தவிலோ உடுக்கையோ உடன் வருபவை.

அதனால் நான் பிள்ளைகளை வீட்டுக்குத்தான் திருப்பி அனுப்புகிறேன். ஐந்தாம் கிரேடு தேர்வுக்குப் படித்த ஒரு பெண் அப்படி அம்பாசமுத்திரத்துக்குப் போனாள். அவள் விரும்பியது ஒப்பாரி. உருக்கமாக இருக்கும், யாரும் பாடியிருக்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டாள். ஆச்சியிடம் கேட்டதும் ஆச்சி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டார். ‘எல்லாரும் உசுரோட இருக்கையில வீட்டுக்குள்ள அதப் பாடப்படாதுட்டி’ என்று சொல்லிவிட்டார். அவள் திரும்பி வந்து என்னிடம் சொன்னபோது ஆச்சி சொன்னதே சரி என்றுதான் சொன்னேன். ஒப்பாரி பெரிய இலக்கியம். இழந்த கணவனையோ தாயையோ முன்னால் வைத்து ஒரு பெண் அந்த நேரத்தில் கட்டுவது. சாவில்லாத வீட்டில் அதைக் கேட்டு வாங்குவதும், இன்னொருவர் துக்கத்தை 21 மதிப்பெண்ணுக்குப் பாடுவதும் எனக்கு ஒப்பவில்லை. அரிய பாட்டைத் தேடுகிறவர்கள் அந்தப் பாட்டுக்கு உடையவர்கள் வகுத்த எல்லையை மதித்தே ஆக வேண்டும்.

ஆச்சி அதற்குப் பதிலாக ஒரு தாலாட்டைப் பாடிக் கொடுத்தார். மாமன்மார் வரிசையாகச் சீர் கொண்டுவரும் தாலாட்டு. பெண் அதைக் கைப்பேசியில் பதிந்துகொண்டாள். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. என்னிடம் கொண்டுவந்து போட்டபோது இரண்டும் ஒன்றாக இல்லை. காலைப் பாட்டில் மூன்று மாமன், மாலையில் ஐந்து. காலையில் அடி முடிவு சட்டென்று நின்றது, மாலையில் நீண்டுகொண்டே போனது. எது சரி என்று இருவரும் குழம்பினோம். அவள் அங்கேயே ஆச்சிக்குப் போன் போட்டுக் கேட்டாள்.

‘காலையில ஒங்க அத்த புள்ள மடியில சீக்கிரம் தூங்கிட்டான். சாயங்காலம் கண்ணே மூடல. பெறவு நா என்ன செய்ய?’

அவள் நாலு மாமனை எடுத்துக்கொண்டாள். அடி முடிவுகளை மாலைப் பாட்டின்படி நீட்டினாள். கடைசிக் கண்ணியை மட்டும், குழந்தை தூங்கிவிட்டது என்று வைத்துக்கொண்டு, குரலைத் தணித்துக் காலைப் பாட்டைப்போல் சட்டென்று முடித்தாள். பியானோவில் தொடக்கச் சுரத்தைத் தட்டினேன். அவள் நின்ற இடமும் அதுவும் ஒன்றாகவே இருந்தன.